மலைப்பகுதி வானிலையை முன்னறிவிக்கப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானிலைத் துறையில் சேர நினைக்கும் தொடக்கக் கல்லூரி மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், கினபாலுவுக்கும் நேப்பாளத்துக்கும் மலையேறச் செல்லும் நண்பர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் கணிப்பு எழுதுவது, அங்கே நடந்ததோடு அதை ஒப்பிடுவது, பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுவது ஆகிய மூன்றையும் நாள்தோறும் செய்யும் பழக்கமே இந்தப் பயிற்சியின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. கீழுள்ள பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

புக்கிட் தீமா குன்றை விட்டால் மலையே இல்லாத சிங்கப்பூருக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

புக்கிட் தீமாவின் உயரம் சுமார் 164 மீட்டர்தான். ஆனால் நம்மை வந்தடையும் வானிலையில் பெரும்பங்கு நம் எல்லைக்கு வெளியே உருவாகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், பெரும்பாலும் விடியற்காலையில், மேற்கிலிருந்து வரிசைகட்டி வரும் சுமத்ரா சூறைக்காற்றை அறியாதவர் இங்கே இல்லை. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வேகம் கொண்ட காற்றோடு ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் அந்த இடிமேகத் தொடர், இரவில் சுமத்ரா தீவின் மீதும் மலாக்கா நீரிணையின் மீதும் உருவாகிறது. அத்தீவின் மேற்கு ஓரம் நெடுகிலும் ஏறத்தாழ 1,700 கி.மீ. நீளத்துக்குப் பாரிசான் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியான கெரிஞ்சி எரிமலை 3,805 மீட்டர் உயரமுள்ளது. பகலில் சூடேறிய சரிவுகளில் மேலேறும் காற்று பிற்பகலில் இடிமழையாகிறது. இரவில் அதே சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, நீரிணையின் வெதுவெதுப்பான நீர்மேல் தேங்கியிருக்கும் ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. எந்த இரவில் அந்தத் தள்ளல் சூறைக்காற்றாக வளரும், எந்த இரவில் கடலிலேயே கரைந்துபோகும் என்று சொல்ல வேண்டிய சிங்கப்பூர் வானிலையாளர், தாம் பார்த்தேயிராத ஒரு மலைத்தொடரின் நடத்தையை அறிந்திருக்க வேண்டும்.

இதைத் தவிர, 1993ஆம் ஆண்டு முதல் ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம் சிங்கப்பூரில் இயங்கிவருகிறது. இவ்வட்டாரத்தின் காட்டுத்தீயையும் புகைமூட்டத்தையும் கண்காணிப்பது அதன் பணிகளில் ஒன்று. சாங்கியிலிருந்து புறப்படும் விமானங்களோ காட்மாண்டு வரை போகின்றன.

சமவெளியில் பல ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் மறுபடியும் பயிற்சி பெற வேண்டுமா?

வேண்டும். சமவெளியில் ஒரு நிலையத்தின் அளவீடு சுற்றியுள்ள பல கிலோமீட்டர் பரப்புக்குப் பொருந்தும் என்று ஓரளவு நம்பலாம். மலையில் ஒரே ஊரின் மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் இடையே வெப்பநிலை ஐந்தாறு பாகை வேறுபடக்கூடும். ஒரு சரிவில் மழை கொட்டும்போது அடுத்த சரிவில் துணி காயும். அனுபவம் மிக்கவருக்கு அவருடைய அனுபவமே சில சமயம் தடையாகிவிடுகிறது, ஏனெனில் வரைபடத்தில் காற்றழுத்தக் கோடுகளைப் பார்த்ததும் காற்று எந்தத் திசையில் வீசும் என்று அவர் மனம் முடிவு செய்துவிடுகிறது. பள்ளத்தாக்குக்குள் காற்றுக்கு இரண்டே வழிகள்தாம் உண்டு: மேல்நோக்கி, அல்லது கீழ்நோக்கி.

பயிற்சியில் முதலில் எதைக் கற்பிக்கிறார்கள்?

மலையை எதிர்கொள்ளும் காற்று அதைத் தாண்டுமா, சுற்றிப்போகுமா என்ற கேள்வியை. பிற பாடங்கள் யாவும் இதன் மேல்தான் கட்டப்படுகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வளிமண்டலம் நிலையாக இருக்கும்போது, மேலே தள்ளப்பட்ட காற்று தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, கனத்து, மீண்டும் கீழே வரப் பார்க்கிறது. அப்படி வரும்போது அது ஏறி இறங்கி ஊசலாடும் வேகத்தை ஓர் எண்ணாகக் கணக்கிடலாம். சாதாரண நாளில் அது நொடிக்கு சுமார் 0.01 என்ற அளவில் இருக்கும். அந்த எண்ணை மலையின் உயரத்தால் பெருக்கினால் கிடைப்பது ஒரு வேகம். 1,000 மீட்டர் மலைக்கு அது நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. மலையை நோக்கி வீசும் காற்று இதைவிடத் தெளிவாக வேகமாக இருந்தால் அது தாண்டிச் செல்லும். தெளிவாக மெதுவாக இருந்தால், அடிமட்டக் காற்றுக்கு ஏறும் வலு இராது. அது மலையடிவாரத்தில் தேங்கும், பக்கவாட்டில் திரும்பும், அல்லது கணவாய் இருந்தால் அதன் வழியே பாயும்.

இப்போது இதைப் பாரிசானுக்குப் பொருத்திப் பாருங்கள். மலையை 2,000 மீட்டர் என்று கொண்டால் தேவைப்படும் வேகம் நொடிக்கு 20 மீட்டர். தென்மேற்குப் பருவத்தில் அடிமட்டக் காற்று பெரும்பாலான நாட்களில் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆகவே காற்று மலையைத் தாண்டி வரும் என்று எழுதுபவர் பெரும்பாலான நாட்களில் தவறிவிடுவார். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால், மேலேறும்போது நீராவி மேகமாகி வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் காற்று நாம் நினைத்த அளவுக்குக் கனப்பதில்லை, ஏறுவது எளிதாகிறது. வறண்ட நாளில் சுற்றிப்போன அதே காற்று, ஈரமான நாளில் அதே வேகத்தில் மலையேறி உச்சியிலேயே மழையைக் கொட்டிவிடும். இந்தக் கணக்கை ஒவ்வொரு நாள் காலையிலும் வானிலைப் பலூன் மேலே செல்லச் செல்ல அளந்து அனுப்பும் வெப்பநிலை, ஈரம், காற்று ஆகியவற்றின் அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் நேரப்படி காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் உரிய அளவீடுகளுக்காக உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வேளையில் பலூன்கள் விடப்படுகின்றன. பயிற்சி பெறுபவருக்கு அவையே அன்றாடப் பாடநூல்.

மலையின் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் அனல்காற்று. இது எப்படி?

தமிழர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை நனைத்துவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் இறங்கும்போது வறண்ட வெங்காற்றாகிறது. அங்குள்ள மக்கள் அதைக் கச்சான் காற்று என்கிறார்கள். சுமத்ராவில் மேடானைச் சுற்றியுள்ள டெலி சமவெளியில் அதற்குப் போஹோரோக் காற்று என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் நம்மவர்கள் பலர் கூலிகளாகச் சென்று உழைத்த புகையிலைத் தோட்டங்களைக் காயவைத்த காற்று அதுதான்.

பயிற்சி வகுப்பில் இதை எண்களால் செய்துகாட்டுவார்கள். கடல்மட்டத்தில் 28 பாகை செல்சியசில் உள்ள காற்று மேலேறுகிறது என்று கொள்வோம். மேகம் உருவாகும் வரை அது 1,000 மீட்டருக்குச் சுமார் 10 பாகை வீதம் குளிரும். 500 மீட்டரில் மேகம் உருவானால் அங்கே 23 பாகை. அதன் பிறகு ஈரம் மிகுந்த வெப்பமண்டலக் காற்று 1,000 மீட்டருக்குச் சுமார் 4 பாகைதான் குளிரும். ஆகவே 2,000 மீட்டர் உச்சியில் அது 17 பாகையில் இருக்கும். வழியிலேயே ஈரமெல்லாம் மழையாகிவிட்டால், மறுபக்கம் இறங்கும்போது முழு 2,000 மீட்டருக்கும் 10 பாகை வீதம் சூடேறி, கடல்மட்டத்தில் 37 பாகையாக வந்து நிற்கும்.

இது மேல்வரம்பு. உண்மையில் ஈரம் முழுவதும் மழையாகிவிடுவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: மேற்குப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் கிழக்கே வெங்காற்று வீசலாம். அடிமட்டக் காற்று மலைக்கு மேற்கே தேங்கிநிற்க, உயரத்தில் ஏற்கெனவே வறண்டிருந்த காற்று மட்டும் உச்சியைத் தாண்டி இறங்கினால் அதே சூடு கிடைக்கும். இன்று நடப்பது இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, முந்தைய கேள்வியில் போட்ட கணக்குதான் மீண்டும் தேவைப்படுகிறது.

உயரம் கூடக்கூடக் குளிரும் என்றால் பள்ளத்தாக்கின் அடியில் உறைபனி ஏன்?

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இடங்களைக் கவனித்தவர்களுக்கு விடை தெரியும். வெண்மை படர்வது பெரும்பாலும் தலைக்குந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகளிலும் காந்தல் போன்ற பள்ளமான பகுதிகளிலும்தான். மேகமில்லாத, காற்றசைவற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது; அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்தில் குளிரும் மேலே சற்று வெதுவெதுப்பும் என வெப்பநிலை தலைகீழாகிவிடுகிறது. அந்த அடுக்கு மூடியதுபோல் கிடக்கும் வரை, பள்ளத்தாக்கில் எழும் புகையும் தூசும் மூடுபனியும் வெளியேற வழியில்லை. காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்கத் தொடங்கியதும் காற்றோட்டம் திசைமாறி மேல்நோக்கிப் போகிறது. மூடுபனி கலையத் தொடங்குகிறது.

எத்தனை மணிக்குத் திசைமாறும் என்பதே முன்னறிவிப்பாளரின் கேள்வி. எந்தச் சரிவில் வெயில் முதலில் படும், மேலே மேகம் வருமா, தரை ஈரமா காய்ந்ததா என்பவற்றைக் கூட்டிப் பார்த்து அவர் ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். காட்டுத்தீ எரியும் மலையில் இந்த நேரம் உயிர்காக்கும் தகவல், ஏனெனில் பகல்நேர மேல்நோக்கிய காற்றில் தீ சரிவேறி ஓடும் வேகத்தை மனிதர் ஓடி முந்துவது அரிது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நான் எந்த வகுப்பிலும் குறிப்பிடாமல் விடுவதில்லை.

சக்திவாய்ந்த கணினி மாதிரிகள் இருக்கும்போது மனித முன்னறிவிப்பாளர் எதற்கு?

மாதிரிக்குள், அதாவது வளிமண்டலத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரலுக்குள், இருக்கும் மலை உண்மையான மலை அன்று என்பதால். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் உலகளாவிய மாதிரி, பூமியைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரி உயரம்தான். கட்டத்தின் அளவைப் போல் ஐந்தாறு மடங்காவது பரந்திருக்கும் நில அமைப்பைத்தான் மாதிரி ஓரளவு சரியாகக் காணும். இப்போது பாலக்காட்டுக் கணவாயை நினைத்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கி.மீ. வரை அகன்ற அந்த வாசல் வழியாகத்தான் தென்மேற்குக் காற்று கோயம்புத்தூர்ப் பக்கம் பாய்கிறது. 9 கி.மீ. கட்டத்தில் அது மூன்று, நான்கு கட்டங்கள்தான்; கணவாய் மேடாகிறது, பக்கத்து மலைகள் தாழ்கின்றன, காற்றின் வேகம் குறைத்துக் காட்டப்படுகிறது.

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தோடு சேர்ந்து உருவாக்கிய சிங்வி மாதிரியின் கட்டம் 1.5 கி.மீ. அதில் பாரிசானின் சரிவுகள் எவ்வளவோ தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்கு அதிலும் இல்லை. கட்டம் சிறிதானால் பிழை மறைந்துவிடும் என்று நம்புவது ஆபத்தானது. நுணுக்கமான படம் நம்பிக்கையைக் கூட்டும்; இடிமேகத்தைச் சரியான வடிவத்தில் ஆனால் தவறான பள்ளத்தாக்கில் வைத்துவிடும்.

ஆகவே பயிற்சியின் தொடக்கத்திலேயே ஒரு வேலை தரப்படும். தாம் கணிக்கப்போகும் இடத்துக்கு மாதிரி வைத்திருக்கும் உயரம் என்ன, உண்மை உயரம் என்ன என்று எழுதிவைக்க வேண்டும். மாதிரியின் தரை 500 மீட்டர் தாழ்ந்திருந்தால், 1,000 மீட்டருக்கு 6.5 பாகை என்ற சராசரிக் கணக்கில் அது சுமார் 3 பாகை கூடுதலாகக் காட்டும். இதைத் திருத்தத் தெரிவது எளிது. வெப்பநிலை தலைகீழாகியிருக்கும் இரவில் இதே திருத்தத்தைப் போட்டால் பிழை இரட்டிப்பாகும் என்று தெரிந்து நிறுத்திக்கொள்வதுதான் கடினம்.

ரேடாரும் செயற்கைக்கோளும் போதாவா?

ரேடார் கதிரை மலை மறைத்துவிடும். மறைக்காத இடத்தில்கூட அது பள்ளத்தாக்கின் அடியைக் காணாமல் மேலாகக் கடந்துபோகும். சரிவின் அருகே தாழ்ந்த மேகத்தில் உருவாகும் கனமழை திரையில் தூறலாகத் தெரியலாம். இவ்வட்டாரத்தில் ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருவது பெரிய வரம்தான், ஆனால் அது காண்பது மேகத்தின் உச்சியை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.-க்கும் மேல் பதிவானதை நமக்கு உறுதியாகச் சொன்னது தரையில் இருந்த மழைமானி.

வகுப்பறையில் பயிற்சி எப்படி நடக்கிறது?

சிறந்த பயிற்சிகளில் விரிவுரை குறைவாகவே இருக்கும். கடந்தகால நிகழ்வு ஒன்றின் தரவுகளை அன்றே வந்துகொண்டிருப்பதுபோல் மணிக்கணக்கு வரிசையில் கொடுத்து, முடிவு தெரியாத நிலையில் எச்சரிக்கை எழுதச் சொல்வதே மையமான முறை.

நான் அதிகம் பயன்படுத்துவது 2014 அக்டோபர் மாத நிகழ்வு. அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. நேப்பாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் அது மலையேற்றப் பருவத்தின் உச்சம். வானம் தெளிந்திருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கும் காலம். 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடக்கப் பலர் காத்திருந்தார்கள். முதல் நாள் வரைபடத்தில் மாணவர்கள் வங்காள விரிகுடாவைத்தான் பார்க்கிறார்கள். புயல் நிலத்தில் ஏறியதும் வலுவிழப்பதைக் கண்டு நிம்மதியடைகிறார்கள். இரண்டாம் நாள் அதன் ஈரம் வடக்கே நகர்வதையும், மேற்கிலிருந்து ஒரு காற்றழுத்தப் பள்ளம் இமயத்தை நோக்கி வருவதையும் ஒருசிலர் கவனிக்கிறார்கள். இரண்டும் சந்தித்த 14ஆம் தேதி பெய்த கடும்பனியிலும் பனிச்சரிவுகளிலும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வரவிருந்த ஆபத்து மலையில் இருந்த பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்பயிற்சியில் நான் பார்ப்பது மாணவர் பனியைக் கண்டுபிடித்தாரா என்பதை மட்டுமன்று, எப்படி எழுதினார் என்பதையும்தான். “மலைப்பகுதிகளில் பரவலாக மழையோ பனியோ பெய்யக்கூடும்” என்று ஒருவர் எழுதித் தந்தால் உடனே கேட்பேன்: “தம்பி, எந்த உயரத்துக்கு மேல் பனி? எத்தனை மணிக்குத் தொடங்கும்? இன்று மாலை கணவாய்க்குக் கீழே மணாங் ஊரில் தங்கியிருப்பவர் நாளை காலை நடக்கலாமா, கூடாதா?” அந்த மூன்றுக்கும் விடை வரும் வரை அவர் அதே வாக்கியத்தைத் திருத்தி எழுதுவார். மூன்று வரிகளில் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரம் வீணாவதில்லை.

அடுத்தது மதிப்பீடு. எச்சரித்து நடந்தவை, எச்சரித்தும் நடக்காதவை, எச்சரிக்காமல் நடந்தவை என்று ஒவ்வொருவரும் தம் கணக்கேட்டை வைத்திருக்க வேண்டும். எச்சரிக்காமல் விட்டது ஒன்றுகூட இல்லை என்று பெருமைப்படுபவர், அநேகமாக எல்லா நாளும் எச்சரித்திருப்பார்; கணக்கேடு அதைக் காட்டிவிடும். தவறிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வது என் வழக்கம். நிலைத்தன்மையைத் தவறாகக் கணித்தோமா, மாதிரியின் உயரத்தை மறந்தோமா, காற்று திசைமாறும் நேரத்தில் பிசகினோமா என்று அதில் பெயர்சொல்லிக் குறிக்க வேண்டும். சில மாதங்களில் அவரவர் பலவீனம் அவரவர் கையெழுத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் பயிற்சி ஒன்றைச் சொல்ல முடியுமா?

சபாவின் கினபாலு மலை. உச்சி 4,095 மீட்டர். மலையேறுவோர் இரவு தங்கும் பனலாபான் சுமார் 3,270 மீட்டர். அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குப் புறப்பட்டு விடியும்போது உச்சியில் நிற்பது வழக்கம். மாணவர் முந்தைய நாள் மாலையிலேயே நான்கு விடைகள் தர வேண்டும்: அதிகாலையில் பாறை ஈரமாக இருக்குமா, உச்சியில் காற்று எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு, மேகம் உச்சியை மூடும் நேரம் எது.

கையில் இருப்பது கோத்தா கினபாலு கடற்கரையில் விடப்பட்ட பலூனின் அளவீடு. வெப்பமண்டலத்தில் நீர் உறையும் மட்டம் ஏறத்தாழ 5,000 மீட்டரில் இருப்பதால், உச்சியின் உயரத்தில் பலூன் சில பாகை வெப்பத்தைக் காட்டும். புதியவர் அதை அப்படியே எழுதிவிடுவார். ஆனால் பலூன் அளந்தது கடற்கரைக்கு மேலுள்ள திறந்தவெளிக் காற்றை. உச்சியிலோ வெற்றுக் கருங்கல் பாறை மேகமற்ற இரவில் தன் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. வறண்ட, தெளிந்த இரவுகளில் அங்கே தேங்கிய நீர் உறைவதுண்டு. காற்றிலும் இதே சிக்கல்: பலூன் காட்டும் வேகம் மலைமுகட்டைக் கடக்கும்போது நெருக்கப்பட்டு அதிகரிக்கும். மேகத்தைப் பொறுத்தவரை, வெயில் ஏறியதும் சரிவுக்காற்று ஈரத்தை மேலே கொண்டுவருவதால் முற்பகலிலேயே உச்சி மறைந்து, பிற்பகலில் மழை பிடிப்பது வழக்கம். அந்த வழக்கம் எந்த நாளில் மாறும் என்பதுதான் கேள்வி. புறப்படுவதற்கு முந்தைய இரவில் மழை பெய்தால் வழுக்கும் பாறைச்சரிவில் ஏறுவதற்கு அனுமதி மறுக்கப்படலாம். ஆகவே இந்நான்கு விடைகளுள் மழையைப் பற்றியதே கனமானது.

விமானப் போக்குவரத்துக்கு இதில் என்ன தொடர்பு?

ஓடையில் கல்லைத் தாண்டும் நீர் கல்லுக்கு அப்பால் அலையலையாக ஏறி இறங்குவதைப் போல, மலையைத் தாண்டும் காற்றும் பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறி இறங்கும். அலையின் அடியில் கடுமையான சுழற்சிகள் உருவாகும். காற்று வறண்டிருந்தால் மேகமே இராது. விமானியின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1966 மார்ச் 5 அன்று தோக்கியோவிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட போயிங் 707 விமானம், தெளிந்த வானில், ஃபூஜி மலையின் அருகே இத்தகைய காற்றில் சிக்கி நடுவானில் உடைந்தது. அதிலிருந்த 124 பேரும் இறந்தார்கள். அப்பகுதியில் தேடச் சென்ற அமெரிக்கக் கடற்படை விமானமும் கடும் குலுக்கலைச் சந்தித்தது. மலையுச்சி அளவில் வலுவான காற்று மலைத்தொடருக்குக் குறுக்காக வீசுகிறதா, உச்சிக்குச் சற்று மேலே நிலையான அடுக்கு உள்ளதா என்ற இரண்டையும் பார்க்காமல் விமானங்களுக்கான கணிப்பை எழுதக்கூடாது என்பது பயிற்சியில் கண்டிப்பான விதி.

சிங்கப்பூரிலிருந்து இத்துறைக்குச் செல்ல என்ன படிக்க வேண்டும்? எங்கே?

தொடக்கக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும். பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், வளிமண்டல அறிவியல், புவி அறிவியல் போன்ற ஒன்றில் பட்டம். வானிலையாளர் என்று ஏற்கப்படுவதற்கு உலக வானிலை அமைப்பு ஓர் அடிப்படைப் பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறது. பல நாடுகளின் வானிலைச் சேவைகளும் அதைப் பின்பற்றுகின்றன. சிங்கப்பூர் வானிலை ஆய்வகமும், 2013இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் பருவநிலை ஆய்வு நிலையமும் இங்குள்ள முதன்மையான இடங்கள்.

மலைக்கென்று தனிப் பயிற்சி வேண்டுமென்றால் வெளிநாடு செல்லத்தான் வேண்டும். ஆல்ப்சின் நடுவே உள்ள இன்ஸ்புருக் பல்கலைக்கழகமும், சால்ட் லேக் சிட்டியில் உள்ள யூட்டா பல்கலைக்கழகமும் இத்துறைக்குப் பெயர்பெற்றவை. ராக்கி மலையடிவாரத்து போல்டர் நகரில் 1989இல் தொடங்கிய காமெட் திட்டம், மலை வானிலை பற்றிய பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தேசிய சேவையில் இருக்கும் இளைஞர்கூட ஓய்வுநேரத்தில் அவற்றைப் படிக்கத் தொடங்கலாம். கணினி நிரல் எழுதத் தெரிந்திருப்பது இன்று கட்டாயம். மலையேறும் பழக்கம் கட்டாயமில்லை, ஆனால் ஒருமுறையாவது மேகத்துக்குள் நடந்து பார்த்தவரின் கணிப்பில் அது தெரியும்.

எவ்வளவு காலத்தில் தேர்ச்சி வரும்?

கோட்பாட்டைச் சில மாதங்களில் கற்கலாம். ஒரு குறிப்பிட்ட மலைக்கு நம்பிக்கையோடு கணிக்க, அதன் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றாவது கண்டிருக்க வேண்டும். வேறு மலைக்கு மாறினால் பாதி திறன் கூடவே வரும். மீதியைப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும்.

உள்ளூர் மக்களின் அறிவுக்கு இடமுண்டா?

நிச்சயமாக. தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் மேய்ப்பரும் எந்த முகட்டில் மேகம் முதலில் அமரும், எந்த ஓடை திடீரென்று பெருகும் என்று அறிந்திருக்கிறார்கள். கேமரன் மலையில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடம் இத்தகைய அறிவு நிறைய இருக்கிறது. அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க மாணவரைப் பழக்க வேண்டும். சில நம்பிக்கைகள் தரவில் நிற்காமல் போகும். பல நிற்கும், அவற்றுக்கான காரணத்தையும் நாம் கண்டுகொள்வோம்.

நான் வானிலையாளர் இல்லை, மலையேற மட்டும் போகிறேன். இதில் எனக்கு உதவுவது எது?

கைப்பேசிச் செயலி காட்டும் வெப்பநிலை எந்த உயரத்துக்கானது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது அடிவார ஊருக்கோ மாதிரியின் சராசரி உயரத்துக்கோ உரியதாக இருக்கும். அங்கிருந்து உச்சி வரையிலான ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6 பாகை கழியுங்கள். ஊருக்கான காற்று வேகத்தை உச்சிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். முகட்டிலிருந்து பிற்பகலுக்குள் இறங்கிவிடும்படி நேரத்தை அமையுங்கள். வெப்பமண்டல மலைகளில் இது எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் ஒரு புயல் கரையேறியிருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருந்தாலும், அதன் ஈரம் எங்கே போகிறது என்று வழிகாட்டியிடமும் அந்நாட்டு வானிலைச் சேவையிடமும் கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கணவாயைக் கடக்காமல் தங்குமிடத்திலேயே இருங்கள். விடுப்பு ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை என்று புறப்படும் முன்பே அலுவலகத்திலும் வீட்டிலும் சொல்லிவையுங்கள்.